கழுத்துக் கட்டிக்கு என்ன அவசரம்? கேள்வி பதில்

(பதில் சொல்பவர் ஓய்வுபெற்ற கழுத்துச் சத்திரசிகிச்சை வைத்தியர்)

கோண்டாவில்: டொக்டர், கழுத்து நோவுக்கு எடுத்த ஸ்கானிலை, கழுத்துக்கு முன்னாலை இருக்கிற தைரொயிட் சுரப்பியிலை 6 மில்லிமீற்றர் கட்டி. ஊசி குத்திப் பாத்திட்டு பப்பிலரி எண்ட வகைத் தைரொயிட் புற்றுநோய் எண்டினம். தைரொயிட்டை முழுக்க எடுக்கவேணுமாம். மூண்டு நாளா நித்திரை இல்லை.

பதில்: தங்கச்சி, இண்டைக்கு நித்திரை கொள்ளுங்கோ. யப்பானிலை, கோபே நகரத்துக் குமா வைத்தியசாலையிலை 1993 தொடக்கம் 10 மில்லிமீற்றருக்கு உட்பட்ட இந்தக் கட்டியளை வெட்டாமல் ஸ்கானாலை பாத்துக்கொண்டு வருகினம். 10 வருசத்திலை 3 மில்லிமீற்றராவது வளந்தது 100 பேரிலை 8 பேருக்குத்தான். வளந்தவைக்குப் பிறகு வெட்டினாலும் காணும். ஆனால் கட்டி குரல் நரம்போடையோ மூச்சுக்குழலோடையோ ஒட்டியிருந்தால், கழுத்து நெறியிலை (நிணநீர்க்கணுவிலை) பரவியிருந்தால், பொறுக்கேலாது. "கட்டி எங்கை இருக்கு? பாதிச் சுரப்பி எடுத்தால் காணாதோ?" இந்த இரண்டையும் கேட்டுப்போட்டு முடிவெடுங்கோ.

சுன்னாகம்: தைரொயிட் வருத்தக்காரர் மரவள்ளி சாப்பிடலாமோ?

பதில்: அவிச்சுத் தண்ணியை ஊத்திப்போட்டுச் சாப்பிடுங்கோ.

மானிப்பாய்: தைரொயிட்டுக்குப் பாக்கிற இரத்தப் பரிசோதனையிலை ரீ.எஸ்.எச். கொஞ்சம் கூட. ஸ்கான் எடுக்கவோ?

பதில்: கழுத்திலை கட்டி தட்டுப்படாட்டில் வேண்டாம். தைரொயிட் குளிசை தந்தால் வெறும் வயித்திலை, தேத்தண்ணிக்கு அரை மணித்தியாலம் முந்திப் போடுங்கோ.

ரொறன்ரோ: நேரத்தோடை பிடிச்சால் நல்லதுதானே? என்ரை மச்சாள் ஸ்கானாலைதான் தப்பினவா.

பதில்: தம்பி, மச்சாள் சுகமா இருக்கிறது சந்தோசம். ஸ்கானாலைதான் தப்பினவா எண்டு எப்பிடித் தெரியும்? தென்கொரியாவிலை 1999 இலே புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் துவங்க, சனம் சின்னக் காசுக்குத் தைரொயிட் ஸ்கானும் எடுத்தது. 1993 ஓடை பாத்தால் 2011 இலே நோயாளர் 15 மடங்கு. செத்தவையின்ரை தொகை குறையேல்லை. அப்ப வெட்டினது ஆருக்காக?

நானும் வெட்டினவன். ஒரு ரீச்சருக்கு 5 மில்லிமீற்றர் கட்டிக்கு முழுச் சுரப்பியும் எடுத்தன். குரல் போட்டுது. வகுப்பிலை மேசையிலை தட்டித்தான் பிள்ளையளைக் கூப்பிடுறா. கல்சியம் குறைஞ்சு விரல் விறைக்குது. அந்த மேசைச் சத்தம் எனக்கு இப்பவும் கேக்குது.

ரொறன்ரோ: அப்ப ஒரு பரிசோதனையும் வேண்டாமோ?

பதில்: அப்பிடிச் சொல்லேல்லை. கருப்பைக் கழுத்துப் பரிசோதனை உயிர் காக்குது, பெண்கள் கட்டாயம் செய்யவேணும். அறிகுறி இல்லாத கழுத்துக்குச் சும்மா ஸ்கான் வேண்டாம் எண்டுதான் சொல்லுறன்.

கொக்குவில்: சீனி கூட, என்ன செய்ய?

பதில்: நீரிழிவுக் கிளினிக்கிலை கேளுங்கோ.

நெல்லியடி: கட்டி எண்டால் கான்சரோ?

பதில்: நாலாவது ஆள் கேக்கிறியள். அனேகமானது இல்லை. தைரொயிட் குளிசை போடுற எல்லாருக்கும் திரும்பச் சொல்லுறன், தேத்தண்ணி பிறகுதான்.

வட்டுக்கோட்டை: அப்பாவுக்கு 70 வயசு. ஒரு மாசத்திலை கட்டி பெருத்து, குரல் கரகரக்குது. நாங்களும் பொறுத்துப் பாக்கலாமோ?

பதில்: வேண்டாம். மேலை சொன்ன ஒண்டும் அப்பாவுக்குப் பொருந்தாது. நாளைக்கு விடியவே யாழ். போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. மூச்செடுக்கக் கஷ்டப்பட்டால் இரவே போங்கோ.