தங்களுக்குள் பேசிக்கொண்ட மேடை

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நியூயார்க்கில் தற்பாலீர்ப்புப் பெண்கள் நடத்திய நாடக அரங்கு ஒன்றைப் பற்றிப் போகிறபோக்கில் குறிப்பிட்டிருந்தீர்கள். நடிப்பதும் அவர்களே, பார்ப்பதும் அவர்களே என்றால், வெளியே இருப்பவர்களிடம் பேசாத அந்த நாடகத்தால் என்ன மாறிவிடும்?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

நான் சொன்னது வாவ் கஃபே தியேட்டரை. அதைத் தொடங்கிய லோயிஸ் வீவர், பெக்கி ஷா முதலானோர் ஐரோப்பாவில் நாடகம் போடப் போன இடத்தில் பெண்கள் நாடக விழாக்களைப் பார்த்தார்கள். ஊர் திரும்பியதும், 1980 அக்டோபரில், நியூயார்க்கின் ஈஸ்ட் வில்லேஜ் பகுதியில் தாங்களே ஒரு விழா எடுத்தார்கள். கையில் பணமில்லை. மாறுவேட விருந்துகள் வைத்து, டிக்கெட் போட்டுத் திரட்டினார்கள். 1982இல் கிழக்கு 11ஆம் தெருவில் ஒரு சின்னக் கடையைப் பிடித்தார்கள். அப்புறம் கிழக்கு 4ஆம் தெருவில் மாநகராட்சிக் கட்டிடம் ஒன்றின் மாடிக்குப் போனார்கள்.

அங்கே கலை இயக்குநர் என்று யாரும் கிடையாது. செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு வந்து உட்காருகிறவர்கள்தான் முடிவெடுப்பார்கள். உங்கள் நாடகம் மேடையேற வேண்டுமா? முதலில் இன்னொருத்தியின் நாடகத்துக்கு விளக்குப் போடுங்கள், டிக்கெட் கிழியுங்கள், தரையைக் கூட்டுங்கள். நடிப்புப் பயிற்சியே இல்லாதவர்கள் இப்படித்தான் நாடகக்காரர்கள் ஆனார்கள். என்னைக் கேட்டால், அவர்கள் போட்ட நாடகங்களைவிடப் பெரிய சாதனை இந்த ஏற்பாடுதான். 1990இல், வாவில் வளர்ந்த ஹோலி ஹியூஸ் உட்பட நான்கு கலைஞர்களுக்கு அமெரிக்க அரசின் கலை நிதியம் மானியத்தை மறுத்தது. அந்த நால்வர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. பெரும்பாலும் மானியத்தை நம்பாமல் இருந்த வாவ் நடந்துகொண்டே இருந்தது.

சரி, உங்கள் கேள்வி. வெளியாட்களுக்காக எழுதும் நாடகம் ‘நாங்களும் மனிதர்கள்தான்’ என்று நிரூபிப்பதிலேயே பாதி நேரத்தைச் செலவழித்துவிடும். வாவில் அந்தத் தேவையில்லை. அதனால் அவர்களால் நகைச்சுவைக்குப் போக முடிந்தது, தங்களையே கிண்டலடிக்க முடிந்தது. அங்கே 1989இல் உருவான ஃபைவ் லெஸ்பியன் பிரதர்ஸ் குழுவின் ‘தி செக்ரட்டரீஸ்’ நாடகத்தில், மர ஆலை ஒன்றின் பெண் செயலாளர்கள் மாதம் ஒரு மரவெட்டியைக் கொல்கிறார்கள். பெண்கள் ஒருவரையொருவர் உடல் எடையை வைத்தும் அழகை வைத்தும் அடக்கி ஆள்வதைத்தான் அது குத்திக்காட்டுகிறது. பெண்ணிய நாடகம் என்றால் பெண்ணை நல்லவளாகத்தான் காட்ட வேண்டும் என்ற நெருக்கடி இருந்திருந்தால் இதை எழுதியிருக்க முடியுமா?

குறையும் உண்டு. தொடக்க ஆண்டுகளில் அங்கே வெள்ளையர்களே பெரும்பாலும் இருந்தார்கள். கியூபாவில் பிறந்த கார்மலீட்டா ட்ராப்பிகானா போன்றவர்கள் இருந்தும், ‘யார் வேண்டுமானாலும் வரலாம்’ என்று கதவைத் திறந்துவைத்தால் மட்டும் எல்லோரும் வந்துவிடவில்லை. கறுப்பினப் பெண்களும் திருநர்களும் தங்கள் இடத்தைக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

ஃபைவ் லெஸ்பியன் பிரதர்ஸ் ஐவரில் ஒருவரான லிசா க்ரான், பிராட்வே இசை நாடகமான ‘ஃபன் ஹோம்’ எழுதி 2015இல் அமெரிக்க நாடக உலகின் பெரிய விருதான டோனி விருதை வாங்கினார். வெளியே என்ன மாறியது என்று கேட்டதால் சொல்கிறேன். அவருக்கு விருது கிடைக்காமல் போயிருந்தாலும் உங்களுக்கு இதே பதிலைத்தான் எழுதியிருப்பேன்.