வில், ஃபைபர், தூள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பள்ளிக்கரணையில் அடுக்கக வீட்டில் வசிக்கிறேன். மென்பொருள் வேலை. சில ஆண்டுகளாக விடுமுறை நாட்களில் மூங்கிலிலும் மரத்திலும் வில் செய்துவருகிறேன். பால்கனிதான் பட்டறை. நான் அரத்தால் ராவும்போது என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, சேரும் தூளை ஊதி ஊதி விளையாடுவாள். ஐப்பசி, கார்த்திகை வந்தால் என் விற்கள் தளர்ந்துவிடுகின்றன; நாணைக் கழற்றிய பிறகும் வளைந்தே நிற்கின்றன. சென்ற மாதம் ஒன்று முழு இழுப்பில் முதுகு பிளந்து முறிந்தது. ஃபைபர் கிளாஸுக்கு மாறலாம் என்றால், உடன் பழகும் நண்பர் அது மரத்துக்குச் செய்யும் துரோகம் என்கிறார். மாறலாமா? எந்த இழை, எந்தப் பசை வாங்குவது? கைத்தொழில்கள் பற்றி நீங்கள் எழுதுவதால் கேட்கிறேன்.

ர.

அன்புள்ள ர.,

மாறுங்கள். உங்கள் நண்பரை ஒரு நாள் விடியற்காலையில் சென்னைக் கடற்கரையின் மீனவர் குப்பமான நொச்சிக்குப்பத்துக்கு அழைத்துப் போங்கள். கரையில் வரிசையாக நிற்பவை ஃபைபர் படகுகள். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரம் இந்தக் கரையில் வேகமாகக் குறைந்தது. கடலிலிருந்து வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் காயப்போட வேண்டும். நீர் குடித்த மரம் கனக்கும். அதைத் தோளில் தூக்கியவரிடம் போய் மரத்தின் ஆன்மாவைப் பற்றி உங்கள் நண்பர் பேசட்டும், என்ன பதில் கிடைக்கிறது என்று பார்ப்போம். வில்லிலும் இது பழைய கதைதான். அமெரிக்காவில் 1950-களிலேயே மெல்லிய மரச் சட்டத்தின் இரு பக்கமும் கண்ணாடி இழை (ஃபைபர் கிளாஸ்) ஒட்டிய வில் பரவிவிட்டது.

முறிந்த வில்லுக்கு மழையைக் குறை சொல்லாதீர்கள். ஈரம் ஏறிய மரம் வயிற்றுப் பக்கம், அதாவது உங்களைப் பார்க்கும் பக்கம், நசுங்கித் தளரும். நாணைக் கழற்றியும் வளைந்து நிற்பது அதனால். முதுகு, அதாவது அதற்கு மறுபக்கம், பிளப்பது பெரும்பாலும் மரத்தின் நார் ஓடும் வரியை அறுத்துச் சீவியதால். முதுகில் ஒட்டிய கண்ணாடிப் பட்டை இந்தக் குற்றத்தை மன்னித்துவிடும். ஆனால் வேறொன்றை மன்னிக்காது. மரவில்லைக் கொஞ்சம் சீவி, வளைத்துப் பார்த்து, மறுபடி சீவி அதன் இரண்டு கையையும், அதாவது பிடிக்கு மேலும் கீழும் உள்ள பகுதிகளை, ஒரே அளவில் வளையச் செய்கிறீர்கள். ஃபைபர் வில்லில் உள்மரத்தின் தடிப்பும், நுனி நோக்கி அது மெலியும் கணக்கும் பசை தடவும் முன்பே முடிந்திருக்க வேண்டும். ஒட்டிய பிறகு ஓரங்களில் கொஞ்சம் தேய்க்கலாம், அவ்வளவுதான். விறைப்பு தடிப்பின் மும்மடிக் கணக்கில் ஏறும்; தடிப்பு இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. மொத்தத் தடிப்பு பத்தில் ஒரு பங்கு கூடினால், இழுக்க 30 பவுண்டு விசை கேட்கும் வில் ஏறத்தாழ 40 பவுண்டு ஆகிவிடும்.

படகுக்குப் போடும் கண்ணாடி இழை மேட் வாங்கிவிடாதீர்கள். அதில் இழைகள் தாறுமாறாகக் கிடக்கும். வில்லுக்கு எல்லா இழையும் நீளவாக்கில் ஓடும் பட்டை வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் போதும்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் துரோகம் இருக்கிறது, ஈரம் இருக்கிறது, இழை இருக்கிறது. மகள் தூளை ஊதி விளையாடுவதும் இருக்கிறது, அழகான காட்சியாக. அந்த வரியில் என் கண் நின்றுவிட்டது. தம்பி, படித்தவர்தானே நீங்கள்?

சென்ற வாரம் அதே நொச்சிக்குப்பத்தில் ஒரு பையன் உடைந்த படகின் அடிப்பாகத்தை கிரைண்டரால் தேய்த்துக்கொண்டிருந்தான். சட்டை இல்லை. வாயில் ஒரு ஈரத் துண்டு. புருவமும் தலைமுடியும் வெளுத்திருந்தன. அதிலிருந்து இந்தத் தூளைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என் சித்தப்பா தொண்ணூறுகளில் காசிமேட்டுப் பக்கம் ஒரு ஃபைபர் பட்டறையில் வேலை பார்த்தார். வேலைக்குக் கிளம்பும் முன் முழங்கைவரை பவுடர் பூசிக்கொள்வார். திரும்பியதும் வாசலிலேயே நிற்க வேண்டும். சித்தி குடம் குடமாகப் பச்சைத் தண்ணீர் ஊற்றுவார். வெந்நீர் கூடாது, அரிப்பு அதிகமாகும் என்பது அவர்கள் கண்டுபிடித்த பாடம். அவருடைய லுங்கிக்குத் தனி வாளி. ஒரு நாள் அவசரத்தில் என் பள்ளிச் சட்டையும் அந்த வாளியில் போய்விட்டது. காலை வழிபாட்டிலிருந்தே கழுத்திலும் அக்குளிலும் ஊசி ஊசியாகக் குத்தியது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. வாத்தியார் ஆடாமல் நில் என்று காதைத் திருகினார். ஒரே ஒரு நாள் எனக்கு. சித்தப்பாவுக்குத் தினமும். பட்டறை முதலாளி முகமூடி என்ற ஒன்றைக் கடைசிவரை வாங்கித் தரவில்லை. மரத்துக்குத் துரோகம் என்று கவலைப்படுகிறவர்கள் அந்தத் தோலைப் பற்றி ஒரு வரி எழுதி நான் படித்ததில்லை. மரம் போய்விட்டதே என்று உருகத் தெரிகிறது. புதுப் பொருளை யார் உடம்பு தாங்குகிறது என்று கேட்கத் தெரியவில்லை.

அப்படியானால் மரமே பரவாயில்லை என்று தாவிவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்கு நிச்சயமாகப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் 1995-லேயே சேர்த்தது மரத்தூளை. நீங்கள் வாங்கப்போகும் வகைக் கண்ணாடி இழையை 2002-ல் வகைப்படுத்த இயலாத மூன்றாம் பிரிவில் வைத்தது. கண்ணாடி இழை குறுக்கே ஒடியும். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) போல நீளவாக்கில் பிளந்து மெலிவதில்லை. தோல், கண், தொண்டையைப் படுத்தி எடுக்கும். மரத்தூளைப் பற்றிய முடிவு நாள் முழுக்க மரம் அறுக்கும் தச்சர்களை வைத்துச் சொன்னது; உங்கள் ஞாயிற்றுக்கிழமை வில்லுக்கு அதே அளவு ஆபத்து என்று மிரட்டமாட்டேன். ஆனால் இத்தனை நாள் அந்தப் பிள்ளை ஊதியது சந்தனப் பொடி அல்ல.

ஆகவே பால்கனியை மூடுங்கள். குடியிருப்போர் சங்கத்திடம் கெஞ்சியாவது மொட்டை மாடியில் ஒரு மூலை வாங்குங்கள். என்-95 முகமூடி, கண்ணுக்குக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை. துணி முகமூடி போதாது. கண்ணாடி இழையைத் தேய்க்கும்போது உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் தூள் பறக்காது. விளக்குமாற்றால் கூட்டாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். அந்தச் சட்டையை உங்கள் மனைவியின் துணியோடு வாஷிங் மெஷினில் போடாதீர்கள்.

பசை கேட்டிருந்தீர்கள். எபாக்சி, இரண்டு திரவங்களைக் கலந்து இறுகவைக்கும் பசை. படகுக்காரர்களின் பாலியெஸ்டர் ரெசின் வில்லுக்குப் போதிய பிடிப்போடு ஒட்டாது. கையுறை இல்லாமல் எபாக்சியைத் தொடாதீர்கள். ஒரு முறை ஒவ்வாமை பிடித்துக்கொண்டால் ஆயுளுக்கும் விடாது. சித்திரை வெயிலில் கிண்ணம் நிறையக் கலக்கினால் கிண்ணத்திலேயே புகைந்து இறுகிவிடும்; கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள்.

மகளை விரட்டிவிடாதீர்கள். சுவரில் கட்டம் வரைந்து, வில்லை அதன்முன் மாட்டி நாணை இழுக்கும்போது எந்தக் கை குறைவாக வளைகிறது என்று பார்த்துச் சொல்லும் வேலையை அவளுக்குக் கொடுங்கள். அதில் தூள் இல்லை. நண்பரையும் கூப்பிடுங்கள், நாணை இழுக்க ஓர் ஆள் வேண்டும்.