வெள்ளவத்தை அறைக்கு எந்தப் பொதி?

தம்பி, கொழும்பில் கடற்கரையோரம் உள்ள உங்கள் வெள்ளவத்தை அறையில் நீங்கள் பாட, தங்கை மிருதங்கம் வாசிக்க, இரண்டையும் ஒரே நேரத்தில் பதிய வேண்டும் என்கிறீர்கள். அப்படியென்றால் ஸ்கார்லெட் சோலோ பொதியை (மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவியும் மைக்கும் சேர்ந்து வரும் தொகுப்பு) விட்டுவிடுங்கள். விலை குறைவுதான், ஆனால் அதில் மைக் செருகும் வழி ஒன்றே ஒன்று. மற்றது கிற்றார், கீபோர்ட் போன்றவற்றுக்கு. கொஞ்சம் பொறுத்துக் காசு சேர்த்து ஸ்கார்லெட் 2ஐ2 (2i2) பொதியை எடுங்கள், இரண்டு மைக் போடலாம்.

பொதியில் ஒரே ஒரு மைக்தான் வரும், அது மெல்லிய சத்தத்தையும் பிடிக்கும் கண்டென்சர் மைக். அதை மிருதங்கத்துக்கு வையுங்கள், அதற்கு மின்சாரம் அனுப்பும் 48 வோல்ட் பொத்தானைக் கருவியில் அழுத்த மறக்க வேண்டாம். குரலுக்கு ஷுவர் எஸ்எம்58 போன்ற, கிட்டத்துச் சத்தத்தையே அதிகம் பிடிக்கும் டைனமிக் மைக் ஒன்றைத் தனியாக வாங்குங்கள். நானும் கடற்கரைப் பக்கம்தான் இருக்கிறேன். கண்டென்சரில் பாடினால் ரயில் போகும் சத்தம், கீழே ஓட்டோ ஹோர்ன், மின்விசிறி எல்லாம் சேர்ந்து பதிவாகும். டைனமிக்கை வாயிலிருந்து நாலு விரல் தூரத்தில் பிடித்துப் பாடினால் பாதித் தொல்லை போய்விடும். அந்த 48 வோல்ட் பொத்தான் இரண்டு மைக் வழிக்கும் சேர்த்தே மின்சாரம் அனுப்பும். நல்ல எக்ஸ்எல்ஆர் கேபிள் (மூன்று முள் மைக் கேபிள்) என்றால் எஸ்எம்58க்கு ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள்.

அப்புறம், மிருதங்கத்தின் வலந்தலைக்கு (வலப் பக்கத் தோலுக்கு) நேரே மைக்கை நீட்டாதீர்கள். இரண்டு அடி தள்ளி, நடுவில், கொஞ்சம் உயரத்தில் வைத்தால் தொப்பியின் (இடப் பக்கத் தோலின்) கும்காரமும் கேட்கும். பெட்டிக்குள் ஸ்டாண்ட் இருக்கிறதா என்று கடையில் கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.