மனித உரிமையா, பன்னாட்டுச் சட்டமா? எல்.எல்.எம். கேள்விகளுக்குப் பதில்கள்

இங்கிலாந்தில் மனித உரிமைச் சட்டத்தில் எல்.எல்.எம். (சட்ட முதுநிலைப் பட்டம்) முடித்து வந்து, இப்போது சென்னையில் வழக்கு நடத்துகிறேன். மேற்படிப்பு பற்றிச் சந்தேகம் இருப்பவர்கள் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையக் கேள்விகள் வந்தன. பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (மதுரை, ஐந்தாம் ஆண்டு மாணவி): அக்கா, பன்னாட்டுச் சட்டம், மனித உரிமைச் சட்டம் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதானே? எதை எடுத்தாலும் சரியா?

ஒன்றில்லை அம்மா. ராமேஸ்வரத்து மீனவர் ஒருவரை இலங்கைக் கடற்படை பிடித்துப்போகிறது என்று வைத்துக்கொள். கடலில் எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது, 1974, 1976 ஒப்பந்தங்கள் என்ன சொல்கின்றன, கச்சத்தீவுப் பக்கம் மீன் பிடிக்க அவற்றில் இடம் இருக்கிறதா என்பதெல்லாம் பன்னாட்டுச் சட்டம். அங்கே பேசுவது இரண்டு அரசுகள். பிடிபட்டவருக்கு என்ன குற்றச்சாட்டு என்று அவருக்குப் புரிகிற மொழியில் சொன்னார்களா, வழக்கறிஞர் கிடைத்தாரா, எத்தனை நாள் உள்ளே வைத்திருந்தார்கள் என்பது மனித உரிமைச் சட்டம். அங்கே ஒரு பக்கம் அரசு, மறுபக்கம் தனி ஆள்.

ஒரே கட்டுக்குள் இரண்டு கோப்புகள். எந்தக் கோப்பை நீ ராத்திரி தூக்கம் கெட்டும் படிப்பாய் என்று யோசித்துப் பார். அதுதான் உன் பாடம். போர்க்காலச் சட்டம், பன்னாட்டுக் குற்றவியல், அகதிகள் சட்டம் மூன்றும் பக்கத்து அறைகள். பெரும்பாலான படிப்புகளில் ஒன்றிரண்டு தாளாக அவற்றையும் எடுத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். பன்னாட்டுக் குற்றவியல் மீது நம் பிள்ளைகளுக்கு ஆசை அதிகம். ஆனால் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தை அமைத்த ரோம் சட்டத்தில் இந்தியாவும் இலங்கையும் சேரவில்லை. ஊர் திரும்பி அதில் வழக்கு நடத்த வாய்ப்பு மிகக் குறைவு.

கேள்வி (கோவை, இளம் வழக்கறிஞர்): மேடம், தரவரிசைப் பட்டியலில் முதல் இருபதுக்குள் இருக்கிற பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் விண்ணப்பித்தால் போதுமா?

பெயருக்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. கேம்பிரிட்ஜ், எல்.எஸ்.இ. என்றால் எங்கே போனாலும் கதவு திறக்கும். ஆனால் அங்கே இருப்பது பொதுவான எல்.எல்.எம்.; தாள்களை நீங்கள்தான் பொறுக்கிக் கோத்துக்கொள்ள வேண்டும். மனித உரிமைக்கென்றே பல ஆண்டுகளாக ஆசிரியர்களையும் நூலகத்தையும் சேர்த்து வைத்திருப்பவை வேறு: இங்கிலாந்தில் எசெக்ஸ், நாட்டிங்ஹாம், அயர்லாந்தில் கால்வே, சுவீடனில் லண்ட். பொதுப் பட்டியலில் இவை கீழே இருக்கலாம். இந்தத் துறைக்குள் இருப்பவர்கள் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள். பன்னாட்டுச் சட்டம் என்றால் நெதர்லாந்தின் லைடனைப் பாருங்கள். தி ஹேக் நகரத்து நீதிமன்றங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. போர்க்காலச் சட்டம் சேர்ந்து வேண்டுமென்றால் 2007இல் தொடங்கிய ஜெனிவா அகாடமி.

பட்டியலைவிட முக்கியமானது பாடத்திட்டம். என் கதையைச் சொல்கிறேன். ஒரு பேராசிரியரின் கட்டுரைகளைப் படித்துவிட்டு, அவரிடம் சித்திரவதைத் தடுப்புச் சட்டம் படிக்கவேண்டும் என்றே ஒரு பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தேன். முன்பணமும் கட்டியாயிற்று. போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அவர் அந்த ஆண்டு ஆய்வு விடுப்பில் இருக்கிறார், தாளே நடக்காது என்று. இணையதளத்தில் அந்தத் தாளின் பெயர் அப்படியே இருந்தது. அடியில் சின்ன எழுத்தில் "எல்லா ஆண்டும் நடைபெறாது" என்று ஒரு வரி. அந்த வரியை நான் படிக்கவில்லை.

அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்: நான் சேரும் ஆண்டில் இந்தத் தாள் நடக்கிறதா, யார் நடத்துகிறார், எத்தனை பேர் வகுப்பில்? பதில் வருகிற விதத்திலேயே அந்த இடம் எப்படி என்று தெரிந்துவிடும். அப்புறம் சட்டப் பயிலகம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு அமைப்புக்காக நிஜமான மனுவை ஐந்தாறு மாணவர்கள் உட்கார்ந்து தயாரிக்கிற இடம் அது. நான் கற்றதில் பாதி அங்கே கற்றது. ஒரு பத்தியை எங்கள் ஆசிரியர் ஒன்பது முறை திருப்பி அனுப்பினார். "துன்புறுத்தப்பட்டார்" என்று எழுதியிருந்தேன். யார், எந்த அறையில், எதனால், எவ்வளவு நேரம், மருத்துவச் சான்று எந்தப் பக்கத்தில் என்று ஓரத்தில் கேள்வி கேள்வியாக எழுதியிருந்தார். ஒன்பதாவது முறையில் அந்தச் சொல்லே பத்தியில் இல்லை. நடந்தது மட்டும் இருந்தது.

கேள்வி (யாழ்ப்பாணம், சட்டத்துறை மாணவர்): அக்கா, எனக்கு மனித உரிமை வழக்குகளில்தான் விருப்பம். கொழும்பில் எல்.எல்.எம். செய்வதா, வெளிநாடு போவதா?

தம்பி, இதற்கு ஒரு வழக்கை வைத்துப் பதில் சொல்கிறேன். சிங்கராசா வழக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 1995இல் 50 ஆண்டு சிறை, மேன்முறையீட்டில் 35 ஆண்டாகக் குறைந்தது. ஆதாரம் ஒரு ஒப்புதல் வாக்குமூலம். அது இருந்தது சிங்களத்தில், அவருக்குத் தெரியாத மொழி. மொழிபெயர்த்தவர் ஒரு பொலிஸ்காரர். அதில் தன் கட்டைவிரலைப் பலவந்தமாகப் பதிய வைத்ததாக அவர் சொன்னார். பலவந்தம் நடந்தது என்று நிரூபிக்கும் சுமையையும் சட்டம் அவர் தலையிலேயே வைத்திருந்தது.

குடிசார், அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கைக்கு ஒரு விருப்ப நெறிமுறை உண்டு; தனி ஆள் நேரடியாக ஐ.நா.விடம் முறையிட அது வழி தருகிறது. 1997இல் இலங்கை அதில் சேர்ந்ததால் ஜெனிவாவில் இருக்கும் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்கு அவரால் முறைப்பாடு அனுப்ப முடிந்தது. 2004இல் குழு, நியாயமான விசாரணைக்கான அந்த உடன்படிக்கையின் 14ஆம் உறுப்புரை மீறப்பட்டது என்றது. அதை வைத்து உங்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது (எங்கள் ஊரில் உச்ச நீதிமன்றம் என்போம்), 2006இல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. பாராளுமன்றம் சட்டம் இயற்றாமல் ஜனாதிபதி அந்த நெறிமுறையில் சேர்ந்தது அரசியலமைப்புக்கு முரண் என்றது.

இந்த ஒரு வழக்குக்கு இரண்டு முனைகள். ஜெனிவாவில் முறைப்பாட்டை எப்படி எழுதுவது என்பது ஒரு முனை. அது வெற்றி பெற்ற பிறகும் கொழும்பில் ஏன் செல்லுபடியாகவில்லை என்பது இன்னொரு முனை. முதல் முனையை எசெக்ஸிலோ ஜெனிவாவிலோ நன்றாகச் சொல்லித்தருவார்கள். இரண்டாவதை உங்கள் அரசியலமைப்போடு சேர்த்து வைத்து, கொழும்பில்தான் ஆழமாகப் படிக்க முடியும். நீங்கள் இலங்கை நீதிமன்றங்களில் நிற்கப்போகிற சட்டத்தரணி என்றால் முதலில் அங்கேயே இரண்டு மூன்று வருடம் தொழில் செய்யுங்கள். கையில் வழக்கோடு வெளிநாடு போங்கள். அந்தக் கேள்விகளோடு வகுப்பில் உட்காருகிறவருக்கும் வெறுங்கையோடு உட்காருகிறவருக்கும் கிடைக்கிற படிப்பு ஒன்றல்ல.

நடுவில் ஒரு வழியும் உண்டு. டில்லியில் சார்க் நாடுகள் சேர்ந்து அமைத்த தெற்காசியப் பல்கலைக்கழகத்தில் பன்னாட்டுச் சட்டத்தில் இரண்டாண்டு எல்.எல்.எம். இருக்கிறது. நேபாளம், வங்கதேசத்துப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படிக்கலாம்.

கேள்வி (சேலம்): அப்பா விசைத்தறித் தொழிலாளி. எனக்கு இங்கிலாந்தில் இடம் கிடைத்துவிட்டது, உதவித்தொகை கிடைக்கவில்லை. வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கலாம் என்று அப்பா சொல்கிறார். என்ன செய்யட்டும்?

வேண்டாம். இதை மனதார எழுதுகிறேன். வணிகச் சட்டம் படித்துப் பெரிய நிறுவனத்துக்குப் போகிறவர் கடனை அடைத்துவிடுவார். மனித உரிமை வேலையில் தொடக்கச் சம்பளம் அப்படி இருக்காது. கடன் உங்களை நீங்கள் விரும்பாத வேலைக்குத் தள்ளிவிடும். அப்பாவின் வீட்டைத் தொடாதீர்கள். அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போட முடியுமா என்று பல்கலைக்கழகத்தைக் கேளுங்கள், பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள்.

அந்த ஓராண்டில் உதவித்தொகைக்கு முழுமூச்சாக இறங்குங்கள். செவனிங் என்ற பிரிட்டன் அரசு உதவித்தொகைக்கு இரண்டு ஆண்டு, அதாவது 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும். படிப்பு முடிந்ததும் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. காமன்வெல்த் உதவித்தொகை, ஆக்ஸ்ஃபோர்டு, சோயாஸ் போன்ற இடங்களுக்கு ஃபெலிக்ஸ், இன்லாக்ஸ் இவற்றையும் பாருங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் சமூகத்தைச் சேர்ந்தவர் என்றால் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் இருக்கிறது. வருமானச் சான்று, சாதிச் சான்று எல்லாம் இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் தாலுகா அலுவலகத்துக்கு அலைந்து வாய்ப்பை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

கேள்வி (திருச்சி): இந்தியாவிலேயே படித்தால் ஓராண்டா, இரண்டாண்டா?

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் க்ளாட் முதுநிலைத் தேர்வு எழுதிச் சேர்வது ஓராண்டுப் படிப்பு. சென்னை அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டு. பன்னாட்டுச் சட்டத்துக்கும் மனித உரிமைக்கும் தனித்தனித் துறைகள் உண்டு, செலவும் குறைவு. 2021 ஜனவரியில் வெளிவந்த விதிகளில் பார் கவுன்சில் ஓராண்டு எல்.எல்.எம்.மை நிறுத்தப் பார்த்தது, விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. பேராசிரியர் வேலைதான் குறி என்றால் இரண்டாண்டுப் படிப்போடு நெட் தேர்வு என்பது தலைவலி குறைந்த வழி. வெளிநாட்டு ஓராண்டுப் பட்டத்தை ஏற்பீர்களா என்பதை, நீங்கள் வேலைக்குச் சேர நினைக்கும் கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி, வழக்கறிஞர், வயது 39): மேடம், பதினான்கு வருடமாக அமர்வு நீதிமன்றத்தில் இருக்கிறேன். ஏழு வயதில் மகள். இனிமேல் போய்ப் படிப்பது சரியா?

நவநீதம் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1967இல் சொந்தமாக அலுவலகம் திறந்து, நிறவெறி அரசு சிறையில் அடைத்தவர்களுக்காக வழக்காடினார். ஹார்வர்டில் எல்.எல்.எம். முடித்தது 1982இல், நாற்பதை ஒட்டிய வயதில். ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த ஐ.நா. தீர்ப்பாயத்தில் நீதிபதியாக இருந்தபோது, அகயேசு என்பவர் மீதான வழக்கில் 1998இல் வந்த தீர்ப்பில் பாலியல் வன்முறையும் இனப்படுகொலைச் செயலாகலாம் என்று சொன்ன அமர்வில் இருந்தார். பிறகு ஐ.நா. மனித உரிமை ஆணையர். பதினைந்து வருட நீதிமன்ற அனுபவம் முன்னால், படிப்பு அதற்குப் பின்னால்.

நடைமுறைக்கு வருவோம். 2024 ஜனவரியிலிருந்து இங்கிலாந்தில் எல்.எல்.எம். போன்ற வகுப்புப் படிப்புக்குப் போகிறவர்கள் குடும்பத்தைக் கூட அழைத்துப்போக முடியாது. மகளை ஒரு வருடம் பிரிந்திருக்க மனம் ஒப்பவில்லை என்றால் ஆக்ஸ்ஃபோர்டின் பன்னாட்டு மனித உரிமைச் சட்ட முதுநிலைப் படிப்பைப் பாருங்கள். பகுதிநேரம், 22 மாதம். இரண்டு கோடையில் மட்டும் நேரில் போய்த் தங்க வேண்டும், மீதியெல்லாம் இங்கிருந்தபடியே. நம்மைப் போல் தொழிலில் இருப்பவர்களை மனதில் வைத்து அமைத்த படிப்பு அது.

கேள்வி (சென்னை): எல்.எல்.எம். முடித்தால் ஐ.நா.வில் வேலை கிடைத்துவிடுமா?

பட்டத்தால் மட்டும் கிடைக்காது. பயிற்சி வேலைக்குப் பெரும்பாலும் சம்பளம் இல்லை, ஜெனிவாவோ செலவு பிடித்த ஊர். இளம் அலுவலர் தேர்வுக்கு 32 வயதுதான் உச்சவரம்பு, அதுவும் அந்த ஆண்டு அழைக்கப்பட்ட நாடுகளின் குடிமக்களுக்கு மட்டும். பிரெஞ்சு தெரிந்தால் பெரிய பலம், இன்றைக்கே தொடங்குங்கள்.

கேள்வி (ஈரோடு): விண்ணப்பத்தோடு அனுப்பும் நோக்கக் கட்டுரையை எப்படித் தொடங்குவது?

"சிறு வயதிலிருந்தே எனக்கு நீதியின் மீது ஆர்வம்" என்று மட்டும் தொடங்காதீர்கள். என் ஜூனியர் ஒருவரின் முதல் வரைவு அப்படித்தான் இருந்தது. அவர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றுக்குச் சனிக்கிழமைதோறும் போய்ச் சட்ட உதவி செய்துகொண்டிருந்தார், அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. உட்கார வைத்துக் கேட்டேன். ஒரே வீட்டு அக்காவையும் தம்பியையும் பற்றிச் சொன்னார். இரண்டு பேரும் தமிழ்நாட்டில் பிறந்தவர்கள். 1987 ஜூலை 1க்கு முன் பிறந்ததால் சட்டப்படி அக்கா பிறப்பாலேயே இந்தியக் குடிமகள். அதற்குப் பின் பிறந்த தம்பிக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்திருக்க வேண்டும். பெற்றோர் இருவருமே அகதிகள், அதனால் அவனுக்குக் குடியுரிமை இல்லை. ஒரே முகாம், ஒரே குடும்ப அட்டை. இந்தியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் சேரவில்லை. 1992இல் குழந்தை உரிமை ஒப்பந்தத்தில் சேர்ந்திருக்கிறது, அதன் 7ஆம் பிரிவு குழந்தைக்கு நாட்டுரிமை பெறும் உரிமை உண்டு என்கிறது. அந்தத் தம்பிக்கு 7ஆம் பிரிவால் ஏதாவது பயன் உண்டா? இதைப் படிக்கத்தான் வருகிறேன் என்று எழுதச் சொன்னேன். எந்தத் தாள், எந்த ஆசிரியர் என்பதெல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து தானாகவே இறங்கி வந்துவிட்டது. அவருக்கு இடமும் கிடைத்தது, உதவித்தொகையும் கிடைத்தது.

கேள்வி (செங்கல்பட்டு, மூன்றாம் ஆண்டு மாணவர்): அக்கா, இப்போதிருந்தே என்ன செய்யலாம்?

மேலே சொன்ன சிங்கராசா வழக்கில் ஐ.நா. குழுவின் கருத்துரை இலவசமாகக் கிடைக்கிறது. தரவிறக்கிப் படி தம்பி. ஒரு தடவை மனுதாரர் பக்கம் நின்று படி, அப்புறம் அரசுத் தரப்பில் நின்று படி. பிறகு மூடி வைத்துவிட்டு, அரசின் வாதத்துக்கு மனுதாரர் தரப்பு மறுமொழியை இரண்டே பக்கத்தில் எழுது. எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு. சிவப்பு மையோடு திருப்பி அனுப்புகிறேன்.