பின்சக்கரத் தட்டில் விரிசல்: வெல்டு நிற்காது

அண்ணே, மேலூர்ப் பக்கம் தொழி உழவுக்கு (சேற்று உழவுக்கு) போகும் மினி டிராக்டரில் பின்சக்கரத் தட்டு, அதாவது ரிம்மை அச்சோடு இணைக்கும் இரும்புத் தட்டு, போல்ட் துளையை ஒட்டி விரிந்தது, வெல்டு வைத்தும் மறுபடி விட்டது என்று எழுதியிருந்தீர்கள். வெல்டுக்குப் பக்கத்திலேயே திரும்பவும் விடும். தட்டை மாற்றிவிடுங்கள்.

கழற்றியதும் துளைகளைப் பாருங்கள். முட்டை வடிவில் தேய்ந்து, சுற்றிலும் செம்பொடி கசிந்திருந்தால் நட்டு தளர்ந்தே ஓடியிருக்கிறது. எனக்கு அப்படித்தான் ஆனது. போல்ட்டும் சேர்ந்து போச்சு. சரி, புதுசு மாட்டும்போது தட்டு அச்சோடு ஒட்டும் முகத்தில் துரு, சேறு, தடித்த பெயின்ட் இருக்கக் கூடாது. நட்டுகளை எதிரெதிராக முறுக்கி, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ஸ்பேனரால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். ஓரிரு மணி நேரம் உழுததும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். அப்புறம், கேஜ் வீலோடு (சேற்றில் பிடிப்புக்கு டயருக்கு வெளியே மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) வரப்பு ஏற்றாதீர்கள். பாரம் வெளிப்பக்கம் விழுந்து தட்டை வளைக்கும்.