குழந்தைக்கு யூரின் ஸ்கேன்: பெற்றோர் கேட்கும் கேள்விகள்

நான்கு வயது மகளுக்கு அடிக்கடி யூரின் இன்ஃபெக்‌ஷன். அல்ட்ராசவுண்ட் எடுத்தாயிற்று. இப்போது எம்.சி.யூ. (சிறுநீர் கழிக்கும்போதே எடுக்கும் எக்ஸ்ரே) எடுக்கச் சொல்கிறார்கள். இன்னொன்று எதற்கு?

அல்ட்ராசவுண்டில் சிறுநீரகத்தின் அளவும் வீக்கமும் தெரியும். சிறுநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது அதில் சரியாகப் பிடிபடாது. சில குழந்தைகளுக்குச் சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் மேல்நோக்கிச் சிறுநீரகத்துக்கே திரும்பும். பல நேரம் சிறுநீர் கழிக்கும் அந்தக் கணத்தில்தான் அது தெரியும். அதனால்தான் மெல்லிய டியூப் வழியாகச் சாய மருந்தை நிரப்பி, குழந்தை சிறுநீர் கழிக்கும்போதே எக்ஸ்ரே எடுக்கிறார்கள். பின்னோட்டம் இருந்தால் 1 முதல் 5 வரை தரம் பிரிப்பார்கள். ஆண் குழந்தைகளுக்குச் சிறுநீர்ப் பாதையில் அடைப்பு இருக்கிறதா என்பதும் இதில் தெரியும்.

டியூப் போடுவார்கள் என்று அவளிடம் சொல்லலாமா? கேட்டாலே அழுவாளே.

சொல்லுங்கள். "ஒன்றுமே வலிக்காது" என்று கூட்டிப்போய், அங்கே வலித்தால் அடுத்த முறை உங்களையும் நம்ப மாட்டாள், டாக்டரையும் நம்ப மாட்டாள். நான்கு வயதுக்கு முந்தின நாள் சொன்னால் போதும். ஒரு வாரம் முன்னாலேயே சொன்னால் வாரம் முழுக்கப் பயப்படுவாள். வீட்டில் உச்சா என்று சொல்வீர்கள் என்றால் அதே வார்த்தையில் சொல்லுங்கள்: "உச்சா வர்ற இடத்தில சின்ன டியூப் வைப்பாங்க, கொஞ்சம் எரியும், அப்புறம் வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கும். அப்போ அங்கேயே படுத்துட்டு உச்சா போகலாம், யாரும் திட்ட மாட்டாங்க." கடைசி வரி முக்கியம். படுக்கையை நனைக்கக் கூடாது என்று இத்தனை நாள் சொல்லி வளர்த்த குழந்தை, அங்கே அடக்கிக்கொண்டே கிடக்கும். பரிசோதனை நீள்வதற்கு இதுவே பெரிய காரணம். ஒரு பொம்மையை வைத்து விளையாடிக் காட்டலாம். டியூப் நுழையும்போது மூச்சை மெதுவாக வெளியே ஊதச் சொல்லுங்கள், தசை தளரும். மரத்துப்போகும் ஜெல் தடவுவார்களா என்றும் முன்பே கேட்டு வையுங்கள்.

வெறும் வயிற்றில் போகணுமா?

எந்தப் பரிசோதனை என்பதைப் பொறுத்தது. மயக்கம் கொடுக்காத எம்.சி.யூ.வுக்குப் பொதுவாகப் பட்டினி தேவையில்லை. பசித்த குழந்தை இன்னும் அழும். சிறுநீர்ப்பை அல்ட்ராசவுண்டுக்குத் தண்ணீர் குடித்து, அடக்கிக்கொண்டு வர வேண்டும். மயக்கம் கொடுப்பதாக இருந்தால் வழக்கமான கணக்கு: திட உணவு 6 மணி நேரம், தாய்ப்பால் 4, வெறும் தண்ணீர் 2. உங்கள் மருத்துவமனை வேறு நேரம் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

நாளைக்கு எம்.சி.யூ., இன்றைக்குக் காய்ச்சல். போகலாமா?

உடனே போன் செய்து சொல்லுங்கள். இன்ஃபெக்‌ஷன் இருக்கும்போது பெரும்பாலும் தள்ளிப்போடுவார்கள். ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

டி.எம்.எஸ்.ஏ. ஸ்கேனில் கதிரியக்க மருந்து போடுவார்களாமே? நான் கர்ப்பமாக இருக்கிறேன்.

சிறுநீரகத்தில் தழும்பு இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேன் இது. மருந்தின் அளவு குழந்தையின் எடைக்கேற்ற சிறிய அளவுதான், அதன் வீரியம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். ஆனாலும் நீங்கள் கர்ப்பம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டு, அப்பாவையோ பாட்டியையோ உடன் அனுப்புங்கள். எம்.சி.யூ. எக்ஸ்ரே அறைக்கும் இதே கதைதான். டி.எம்.எஸ்.ஏ.வுக்கு ஊசி போட்டபின் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும், பிறகு அசையாமல் படுக்க வேண்டும். பிடித்த போர்வையும் கதைப் புத்தகமும் கையோடு இருக்கட்டும். அன்று டயப்பர் மாற்றுபவர் கையை நன்றாகக் கழுவினால் போதும்.

எம்.சி.யூ. முடிந்து வந்ததிலிருந்து என் மகன் ஒன்றுக்குப் போக மாட்டேன் என்கிறான்.

எரிச்சல் பயம். ஓரிரு நாள் எரிவதும் லேசான இளஞ்சிவப்பு நிறம் தெரிவதும் சகஜம். நிறையத் தண்ணீர் கொடுங்கள். இளஞ்சூடான தண்ணீர்த் தொட்டியில் உட்கார வைத்து, அதிலேயே போகச் சொல்லுங்கள், தப்பே இல்லை. காய்ச்சல் வந்தாலோ, ரத்தம் கூடினாலோ, பல மணி நேரமாகியும் சிறுநீர் வராவிட்டாலோ அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.