லாரிடோ சீட்டாட்டத்தில் ‘ஆல்-இன்’ ஏன் இல்லை?

படத்தில் லாரிடோ ஊரில் நடக்கும் அந்தப் போக்கர் ஆட்டத்தில் ‘ஆல்-இன்’ (கையில் மீதமுள்ள பணம் முழுவதையும் வைத்துவிட்டு ஆட்டத்தில் நீடிப்பது) விதியே கிடையாது. 1966-இல் வந்த ‘எ பிக் ஹேண்ட் ஃபார் தி லிட்டில் லேடி’ படத்தில் ஹென்றி ஃபோண்டா இருக்கிற பணத்தை வைத்துவிட்டு ஏன் ஆட்டத்தில் தொடரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். எதிராளி ஏற்றிய தொகைக்கு ஈடு கட்ட முடியாவிட்டால் அங்கே சீட்டைக் கீழே வைக்க வேண்டியதுதான்.

இன்றைய போக்கர் விதியை மனதில் வைத்துப் பார்த்திருப்பீர்கள், குழப்பம் அதனால்தான். இப்போது ஆட்டம் தொடங்கும்போது மேசையில் உள்ள பணம் மட்டுமே கணக்கு. 500 டாலர் இருந்தால், ஒவ்வொருவரிடமும் 500 வரை ஜெயிக்கலாம். அதற்கு மேல் மற்றவர்கள் கட்டும் பணம் தனிப் பந்தயக் குவியலாகும், அதற்கு அவர்களுக்குள் மட்டுமே போட்டி.

ஃபோண்டாவின் மனைவியாக வரும் மேரி (ஜோஆன் உட்வர்ட்) எதிரே உள்ள வங்கிக்குப் போகும் காட்சியை மறுபடி பாருங்கள். கையில் இருக்கும் சீட்டையே அடமானமாகக் காட்டிக் கடன் கேட்கிறாள். நடு ஆட்டத்தில் வெளிப்பணம் வரலாம் என்பதால்தான் அது நடக்கிறது. உட்வர்டின் முகத்தில் பயமும் பிடிவாதமும் மாறி மாறி வரும், எனக்குப் படத்திலேயே மிகப் பிடித்த இடம்.

ஒன்று மட்டும்: முழுவதும் பார்க்கவில்லை என்றால் கதைச்சுருக்கம் எதையும் படிக்காதீர்கள். முடிவு தெரிந்துவிட்டால் இந்தக் காட்சியின் பதற்றமே போய்விடும்.